இரண்டு கட்டடம், இரண்டு எடை

அந்த டயாலிசிஸ் மையத்தில் அவளை எல்லோரும் சர்வர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வரும் நோயாளி யாராவது அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "எனக்கு ஒரு காபி, சர்க்கரை இல்லாம" என்று சொல்வது வருஷத்துக்கு இரண்டு முறையாவது நடக்கும். "நான் அந்த சர்வர் இல்லைங்க, கம்ப்யூட்டர் சர்வர்" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போய் காபியையும் வாங்கி வருவாள். "அரை டம்ளர்தான். அதுக்கு மேல குடிச்சா டாக்டர் என்னைத்தான் திட்டுவார்."

சேர்ந்தது என்னவோ வரவேற்பு மேசையில், பெயரும் விலாசமும் தட்டச்சு செய்யும் வேலைக்கு. அப்போது மையத்துக்கு ஒரே கட்டடம், பத்தே இயந்திரங்கள். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் வெளியிலிருந்து ஆள் வர இரண்டு நாளாகும். அந்த இரண்டு நாளும் வரிசையில் நிற்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவள்தான். பொறுத்துப் பார்த்தாள். பிறகு கையேட்டை வாங்கிப் பிரித்து வைத்துக்கொண்டு தானே நோண்ட ஆரம்பித்தாள். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது மையத்தின் டேட்டாபேஸ் முழுக்க அவள் பொறுப்பு. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு அறை அவளுடையது. சர்வருக்காக ஓடும் ஏசியில் வருஷம் பூராவும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மையத்துக்குப் புதிய கட்டடம் வந்தது. பிரதான சர்வர் பழைய கட்டடத்தில். அதன் நகல் ஒன்றை அவள் புதிய கட்டடத்தில் வைத்தாள். இங்கே ஒரு நர்ஸ் ஒருவருடைய எடையைப் பதிந்தால், அதே வரி, அதே வரிசை எண்ணோடு, ஒன்றிரண்டு விநாடியில் அங்கே நகலிலும் போய் உட்கார்ந்துவிடும். அங்கே இருக்கும் நர்ஸ்கள் அந்த நகலைப் பார்த்துத்தான் இயந்திரத்தை ஓட்டுவார்கள். நடுவில் கேபிள் அறுந்துபோனால் சிகிச்சை நிற்கக் கூடாது என்பதற்காக, அந்த நேரம் மட்டும் நகலிலேயே நேரடியாக எழுதிக்கொள்ள வழி வைத்திருந்தாள்.

தினமும் காலையில் வந்ததும் இரண்டு விஷயம் பார்ப்பாள். நகல் எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது? பூஜ்யம். இரண்டு இடத்திலும் வரிகளின் எண்ணிக்கை ஒன்றா? ஒன்று. திரையில் பச்சை விளக்கு. அதற்குப் பிறகுதான் ஸ்வெட்டர் பொத்தானைப் போடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தலைமை நர்ஸ் போன் செய்தாள். இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், வா போ என்று பேசிக்கொள்பவர்கள்.

"ஏய், ஒரு சந்தேகம். நம்ம தையல்காரர் இருக்காரே, அவரோட ட்ரை வெயிட் உன் கம்ப்யூட்டர்ல என்ன?"

ட்ரை வெயிட் என்பது, உடம்பில் சேர்ந்த அதிகப்படி நீரெல்லாம் போன பிறகு ஒருவருக்கு இருக்க வேண்டிய எடை. இயந்திரம் எவ்வளவு நீரை உறிஞ்ச வேண்டும் என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும்.

"அறுபத்தொண்ணு."

"எனக்கும் இங்க அறுபத்தொண்ணுதான் காட்டுது. ஆனா மனுஷன் சனிக்கிழமை அந்தக் கட்டடத்துல படுத்துட்டு வந்தார்னா, செவ்வாய்க்கிழமை இங்க வரும்போது இருக்க வேண்டியதைவிடக் குறைச்சலா இருக்கார். நாலைஞ்சு வாரமா பார்க்கறேன். இன்னிக்கு அந்தக் கட்டடத்துக்குப் போன் போட்டேன். அங்க ஐம்பத்தொன்பது எண்ணூறுன்னு சொல்றாங்க. எதுடி உண்மை?"

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

தையல்காரரை அவளுக்குத் தெரியும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர். செவ்வாயும் வியாழனும் இந்தக் கட்டடத்தில். சனிக்கிழமை இங்கே இடமில்லாததால் அந்தக் கட்டடத்தில். அங்கே போனால் மட்டும் கால் இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். எழுந்து நிற்கவே அரை மணி ஆகும். அந்த ஹாலில் குளிர் அதிகம், அதனால்தான் என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டார். அவர் மனைவி முழங்கால் வரைக்கும் வரும் மாதிரி கம்பளிச் சாக்ஸ் பின்னிக் கொடுத்திருந்தாள்.

நகலைத் திறந்து பார்த்தாள். ஐம்பத்தொன்பது எண்ணூறுதான் இருந்தது. இரண்டு பக்கமும் வரிகளின் எண்ணிக்கை அப்போதும் ஒன்றுதான், விளக்கும் பச்சைதான். பிறகு நகலின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். கடைசியில் ஒரே ஒரு வரி. இடறினால் நிற்காதே, தாண்டிப் போ என்று சொல்லும் வரி. கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் சாலையைத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் இரண்டு கட்டடமும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தன. வரிசை எண்ணை இரண்டும் விட்ட இடத்திலிருந்து ஒரே மாதிரி தொடர்ந்தன. இங்கே ஒரு எண்ணில் தையல்காரரின் புதிய எடை ஏறியது. அங்கே அதே எண்ணில் யாரோ ஒருவரின் ரத்த அழுத்தம் ஏறியது. கேபிள் திரும்ப வந்ததும் இங்கிருந்து போன வரியைப் பார்த்து நகல், 'இந்த எண் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே' என்று நின்றுவிட்டது. அது நின்றது நியாயம். நிற்கத்தான் வேண்டும். எது சரி என்று ஒரு மனுஷி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவள் உட்காரத்தான் நாற்காலியை இழுத்தாள். அந்த நேரம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. குழந்தை மாடிப்படியில் விழுந்துவிட்டாள், கை உடைந்திருக்கிறது, அம்மா வேண்டுமென்று அழுகிறாள். அவள் அந்த ஒரு வரியை எழுதினாள். நகல் நகர்ந்தது. பச்சை விளக்கு வந்தது. நாளைக்கு வந்து சரி பார்த்துக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மறுநாள் மாவுக்கட்டு. அதற்கடுத்த நாள் வேறு ஏதோ. அப்படியே மறந்துபோயிற்று.

நகலில் வேண்டாத வரி உட்கார்ந்திருந்த ஒவ்வோர் இடத்திலும், வேண்டிய வரி ஒன்று உள்ளே வர முடியாமல் போயிருந்தது. தையல்காரருக்கு அங்கே பழைய எடையே நின்றுவிட்டது. ஒன்றுக்கு ஒன்று கழிந்து எண்ணிக்கை மட்டும் பிசகாமல் நின்றது. நாலு மாதமாகத் தினமும் காலையில் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

முதல் வேலையாக, புதிய கட்டடத்தின் திரைகளையெல்லாம் நகலிலிருந்து விடுவித்து நேராகப் பிரதான சர்வரோடு இணைத்தாள். திரைகள் ஆமை வேகத்தில் நகர்ந்தன. ஆனால் அறுபத்தொன்று என்று காட்டின. அங்கிருந்து நேராகத் தலைமை டாக்டரின் அறைக்குப் போனாள். கேபிள் அறுந்தது, எண்கள் மோதியது எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்த செட்டிங் யார் வெச்சது?" என்று கேட்டார் டாக்டர்.

சாலையைத் தோண்டியவர்கள் மேல் பாதியைத் தள்ளிவிடலாம். ஒரு கணம் நாக்கு அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது.

"நான்தான், டாக்டர். திரும்ப வந்து பார்க்கணும்னு நினைச்சேன். பார்க்கல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நடந்ததை அப்படியே எழுதிக் கொடுங்க. இன்னும் யார் யாருக்கு இப்படி ஆகியிருக்குன்னு எனக்கு நாளைக்குள்ள தெரியணும். அப்புறம் அவர்கிட்ட நாம சொல்லணும். நான் கூட வரேன். ஆனா நீங்கதான் பேசணும்."

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஆபீஸ்ல ஒரு தப்பு பண்ணிட்டேன்டா."

"என்னைக்கு?"

"ஒரு நாள்."

கணவனுக்கு விஷயம் தெரியும். லிஃப்ட் மெக்கானிக். வந்ததுமே அவனிடம் சமையலறையில் நின்று ஒரு பாட்டம் அழுது தீர்த்திருந்தாள். என்னைக்கு என்பதை மட்டும் குழந்தையிடம் சொல்லக் கூடாது என்று அங்கேயே முடிவாகியிருந்தது. பதினோரு வயசு. தன் கை உடைந்ததால்தான் என்று எடுத்துக்கொண்டுவிடும். அவன் மகளின் தட்டைப் பார்த்து, "பேசிப் பேசியே காயை ஒதுக்கறதை நான் கவனிக்கலன்னு நினைப்பா?" என்றான். பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

எந்தெந்த வரிகள் வேறாக இருக்கின்றன என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. இரண்டையும் ஒரே கணத்தில் நிறுத்தி வைத்து ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் புதிய வரி ஏறிக்கொண்டிருந்தால், வராத வரி எது, வந்துகொண்டிருக்கிற வரி எது என்று பிரிக்க முடியாது. மறுநாள் காலை தலைமை நர்ஸிடம் போய் நின்றாள்.

"எனக்கு டேபிளைப் பூட்டணும். இருபது நிமிஷம்."

"எந்த டேபிளை? டிராயரைப் பூட்டுவாங்க, பீரோவைப் பூட்டுவாங்க. டேபிளை எப்படிப் பூட்டுவே?"

"அந்த டேபிள் இல்லடி. எடை, பிரஷர் எல்லாம் பதியறீங்களே, அந்தப் பட்டியல். அந்த இருபது நிமிஷம் யாரும் அதுல எழுத முடியாது. பார்க்கலாம், எழுதத்தான் முடியாது."

"பட்டப்பகல்லயா? என் பேஷண்ட் ரத்தம் எல்லாம் குழாய்ல ஓடிட்டு இருக்கும். உன் பூட்டுக்காக அது நிக்குமா?"

"எப்பதான் ஓடாது, சொல்லு."

தலைமை நர்ஸ் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து மதிய ஷிஃப்ட் ஏறுவதற்கு இடையில், பன்னிரண்டரைக்கு, கொஞ்சம் மூச்சு விடலாம். "பன்னிரண்டரைக்கு எல்லாரையும் பேப்பர்ல எழுதச் சொல்றேன். ஒரு மணிக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் உன்னை அந்த ரூமுக்குள்ளயே வெச்சுப் பூட்டிடுவேன்."

பன்னிரண்டரைக்குப் பூட்டும் கட்டளையைத் தட்டினாள். திரை அசையவில்லை. பத்து விநாடி. இருபது விநாடி. ஒரு நிமிஷம்.

பூட்டு விழவில்லை. யாரோ ஒருவர் ஒரு பதிவைத் திறந்து பாதியில் விட்டிருந்தார். அது முடிகிற வரை அவளுடைய பூட்டு காத்திருக்கும். அவளுக்குப் பின்னால் வந்த மற்ற எழுத்தெல்லாம் அவளுக்காகக் காத்திருக்கும். பேப்பரில் எழுதச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். மருந்து அறையிலிருந்து போன் வந்தது: "அக்கா, ஸ்க்ரீன் தொங்குது." வரவேற்பிலிருந்து போன் வந்தது: "அக்கா, சுத்திக்கிட்டே இருக்கு."

யார் என்று தேடினாள். ஆறாம் எண் திரை, இதே கட்டடம். இங்கிருந்தே ஒரு கட்டளையில் அதைத் துண்டித்துவிடலாம். பாதி எழுதியது போய்விடும், பூட்டு விழுந்துவிடும். கை விசை வரைக்கும் போயிற்று. இதுவும் தாண்டிப் போகிற வேலைதானே என்று தோன்ற, எழுந்து வார்டுக்கு ஓடினாள்.

ஆறாம் திரைக்கு முன் ஆள் இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவுக்கு ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் இரண்டு கையாலும் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாதியில விட்டுட்டேன். கையை எடுக்க முடியாது."

"நீ எடுக்காதே. என்ன எழுதணும்னு சொல்லு, நான் எழுதறேன்."

"எடை ஐம்பத்திரண்டு நானூறு. பிரஷர் நூத்திமுப்பது, எண்பது."

தட்டினாள். அந்தக் கட்டிலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து ஒரு தடவை உரக்கப் படித்தாள். கட்டிலில் இருந்த அம்மா களைப்போடு, "சரிதான்மா. நானும் பார்த்தேன், ஐம்பத்திரண்டு நானூறுதான்" என்றார். சேமித்தாள். பதினெட்டு வருஷமாக அந்தப் பட்டியலைக் காத்து வந்தவள், அதில் ஒருவரின் எடையை அவரைப் பார்த்துக்கொண்டே எழுதியது அன்றுதான் முதல் தடவை.

அறைக்குத் திரும்பியபோது பூட்டு விழுந்திருந்தது. நகல் கடைசி வரி வரைக்கும் எட்டிப் பிடித்து நின்றது. இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டாள். பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்குப் பூட்டை எடுத்துவிட்டுத் தலைமை நர்ஸுக்குப் போன் செய்தாள்.

"உன்னைப் பூட்டற பாக்கியம் எனக்கு இல்ல போலிருக்கு" என்றாள் அவள்.

நாற்பத்தொரு வரிகள் வேறாக இருந்தன. பெரும்பாலும் பழைய ரத்த அழுத்தங்கள், அன்றைக்கு மட்டும் வேண்டியவை. மூன்று பேரின் ட்ரை வெயிட். அதில் இருவருக்கு, கேபிள் அறுந்த அந்த வாரத்திலேயே வேறு காரணத்துக்காக எடையை மாற்றிப் பதிந்திருந்தார்கள். அது நகலுக்கும் ஒழுங்காகப் போயிருந்தது. மிச்சம் தையல்காரர் ஒருவர்தான். பழைய நகலை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்து வைத்தாள். அந்த 'தாண்டிப் போ' வரியை எடுத்தாள். இனி தினமும் எண்ணிக்கையோடு நிற்காமல் உள்ளே இருப்பதையும் ஒப்பிடும்படி எழுதினாள். அவளுடைய பணிக் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை தையல்காரர் கட்டிலில் படுத்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் மனைவி. டாக்டர் கால்மாட்டில் நின்றார். சர்வர் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மகளின் கையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொன்னால் அவர்கள் மன்னிக்காமல் இருக்க முடியாது. அப்படி ஒரு மன்னிப்பை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்போ அது குளிர் இல்லையா?" என்றார் தையல்காரர்.

"இல்லைங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்க உடம்புலேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல அதிகமா எடுத்திருக்காங்க. நர்ஸ் மேல தப்பு இல்ல. அவங்களுக்குக் காட்டின எண் தப்பு. காட்டினது நான்."

மனைவி மெதுவாகக் கேட்டாள்: "எத்தனை சனிக்கிழமை?"

"பதினாறும்மா."

"பதினாறு சனிக்கிழமை இவரை நான் தோள்ல சாய்ச்சுக்கிட்டு பஸ் ஏத்தியிருக்கேன். ஒரு தடவை பஸ்லயே விழுந்துட்டாரு. எனக்கு வயசு அறுபத்திநாலு, தெரியுமா?"

சர்வர் அக்கா தலை குனிந்து நின்றாள்.

தையல்காரர் டாக்டரைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கணும் சார். நாலு மாசத்துக்கு முன்னால எதுக்கு எடையை ஏத்தினீங்க?"

"உங்களுக்கு உடம்புல சதை போட்டிருந்தது. நல்லா சாப்பிட ஆரம்பிச்சிருந்தீங்க. அது நீர் இல்ல, உங்க சொந்த எடை."

"ஒரு கிலோ இருநூறு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் தையல்காரர். மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? நீ போட்ட சோறு ஒட்டலை ஒட்டலைன்னு புலம்புவியே. ஒட்டித்தான் இருக்கு."

"பேசாம படுங்க," என்றாள் அவள். அவருடைய போர்வையை இழுத்துச் சரி செய்தாள். சர்வர் அக்காவின் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. ஆனாலும் புதிய கட்டடத்துக்குப் போனாள். வாசல் பக்கத்து நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்த் திரையைப் பார்க்கவில்லை. அதை நர்ஸ் பார்த்துக்கொள்வாள். சிகிச்சை முடிந்து தையல்காரர் எழுந்து நின்றார். கொஞ்சம் நிதானித்தார். மனைவி வழக்கம்போலத் தோளைக் கொடுத்தாள். அவர் அதைத் தொட்டுவிட்டுத் தானே நடந்தார். வாசல் வரைக்கும், பிறகு படி இறங்கி, பிறகு பஸ் நிறுத்தம் வரைக்கும்.

சர்வர் அக்கா பத்தடி பின்னால் நடந்தாள். நிறுத்தத்தில் அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்கு லீவு இல்லையா உனக்கு?"

"லீவுதான்மா."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மணி ரெண்டு ஆகுது," என்றாள் அந்த அம்மா, திட்டுகிற குரலில். அவள் கண் தெருவில் இருந்தது. "எனக்கு இன்னும் மனசு ஆறலை. சொல்லிட்டேன்."

"தெரியும்மா."

பஸ் வந்தது. தையல்காரர் கைப்பிடியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். பின்னாலேயே ஏறிய அந்த அம்மா படியில் ஒரு கணம் நின்று குனிந்து பார்த்தாள்.

"நீயும் அந்தப் பக்கம்தானே? ஏறு. இடம் இருக்கு."